வாசகர் கேள்வி: போருக்கு நடுவே ஒரு நாளிதழ்

கேள்வி: யாழ்ப்பாணத்தின் ‘உதயன்’ நாளிதழ் போர்க்காலத்தில் எப்படி வெளிவந்தது? அந்த ஊர் மக்களுக்கு அது ஏன் அவ்வளவு முக்கியம்?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: 1985இல் தொடங்கப்பட்ட ‘உதயன்’, 2006 மே 2 அன்று, அதாவது உலகப் பத்திரிகைச் சுதந்திர நாளுக்கு முந்தைய மாலையில், ஆயுததாரிகள் அலுவலகத்துக்குள் புகுந்து சுட்டதில் ஊழியர் இருவரை இழந்தது, ஆனாலும் வெளியீடு நிற்கவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்டுக் குடாநாட்டுக்குத் தரைவழிப் போக்குவரத்து அறுந்தபோது, அச்சுத்தாள் தட்டுப்பாட்டால் பக்கங்களைக் குறைத்து வெளியிட வேண்டியதாயிற்று. போர் முடிந்த பின்னரும், 2013 ஏப்ரலில் அதன் அச்சகத்துக்குத் தீ வைத்தார்கள்.

மக்களுக்கு அதன் முக்கியத்துவத்தை அறிய, தலையங்கத்தைவிட மரண அறிவித்தல் பக்கத்தைப் பார்ப்பதே மேல் என்பேன். காலமானவரின் பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், பிள்ளைகள், மருமக்கள் என்று நீளும் அவ்வறிவித்தல்களில், பெயர்களுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் கனடா, லண்டன், சுவிஸ் என்று நாடுகள் நிற்கும். இறுதிக்கிரியை நேரத்தையும் சுடலையின் பெயரையும் ஊரார் அதில்தான் பார்த்துக்கொள்வார்கள். சிதறிப்போன ஒரு சமூகத்தின் உறவுமுறைப் பதிவேடாகவே அப்பக்கம் இருந்துவருகிறது. விளம்பரம் என்று அதை ஒதுக்குவது சரியல்ல.