கல்ச்சர் ரிப்போர்ட்டில் வரிசையாக ‘ஆர்’: இனி எனக்கு மருந்தே இல்லையா?

கேள்வி: வயது 61, சர்க்கரை நோய் உண்டு. மூன்று வாரங்களுக்கு முன் நீர்க்கடுப்பு வந்தபோது மருந்துக்கடையில் கேட்டு செஃபிக்ஸிம் மூன்று நாள் சாப்பிட்டேன், சரியாகிவிட்டது. சந்தேகத்துக்கு, சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் யூரின் கல்ச்சர் எடுத்தேன். ‘ஈ-கோலை, இஎஸ்பிஎல் பாசிட்டிவ்’ என்று வந்திருக்கிறது. ஏழு மருந்துகளுக்கு நேரே ‘ஆர்’, அதாவது கிருமி அவற்றுக்குக் கட்டுப்படாது. இணையத்தில் சூப்பர்பக் என்கிறார்கள். சிறுநீர் மஞ்சளாகப் போகிறது, வயிறு உப்புகிறது. பேரன் என்னோடுதான் படுக்கிறான். என் உடல் மருந்துகளுக்குப் பழகிவிட்டதா?

பதில்: உங்கள் உடல் எதற்கும் பழகவில்லை அம்மா. பழகியது கிருமி.

ஈ-கோலை நம் எல்லோருடைய குடலிலும் குடியிருப்பது. பெனிசிலின், செஃபிக்ஸிம் வகை மருந்துகளின் நடுவே நான்கு அணுக்களாலான ஒரு வளையம் உண்டு. மருந்தின் வேலையே அந்த வளையத்தில்தான் இருக்கிறது. சில ஈ-கோலைகள் அதை உடைக்கும் நொதியைச் சுரக்கின்றன. உங்கள் ரிப்போர்ட்டில் இஎஸ்பிஎல் என்று இருப்பது அந்த நொதிதான். இது நேற்று முளைத்த விஷயமும் அல்ல. ஆக்ஸ்போர்டில் பெனிசிலினை ஒரு நோயாளிக்கு ஊசியாக ஏற்றியது 1941இல். ஈ-கோலையில் பெனிசிலினை உடைக்கும் நொதி இருப்பதாக ஆபிரகாம், செயின் என்ற ஆய்வாளர்கள் எழுதியது அதற்கும் முன்பே, 1940இல். இந்த நொதிக்கான மரபணுவைப் பிளாஸ்மிட் என்ற சிறு டி.என்.ஏ. வளையத்தில் வைத்து ஒரு கிருமி இன்னொரு கிருமிக்குக் கைமாற்றிவிடும். நீங்கள் விழுங்கிய செஃபிக்ஸிம் குடலில் இருந்த சாதுவான கிருமிகளைக் கொன்று, நொதி வைத்திருப்பவற்றுக்கு இடத்தைக் காலி செய்து கொடுத்திருக்கும். கடுப்பு? பல பெண்களுக்கு அது சில நாட்களில் தானே அடங்கும். பெயரை மாத்திரை தட்டிக்கொண்டு போய்விட்டது.

‘ஆர்’களை எண்ணிய நீங்கள், கிருமி கட்டுப்படும் என்று சொல்லும் ‘எஸ்’களைப் படிக்கவில்லை. நைட்ரோஃபுரான்டாயின், ஃபாஸ்ஃபோமைசின், மெரோபெனெம் மூன்றுக்கும் நேரே ‘எஸ்’ இருக்கிறது. மருந்து இருக்கிறது. ஆனால் இன்று உங்களுக்கு அது தேவையில்லை. எரிச்சல் இல்லை, காய்ச்சல் இல்லை என்றால் சிறுநீரில் கிருமி இருப்பது மட்டும் நோய் ஆகாது. கர்ப்பிணிகளும், சிறுநீர்ப் பாதையில் அறுவை செய்துகொள்ளப் போகிறவர்களும் இதற்கு விதிவிலக்கு. கடுப்பு அடங்கிய பிறகு யாருமே கேட்காத கல்ச்சரை எதற்கு எடுத்தீர்கள் என்றுதான் எனக்குப் புரியவில்லை.

மஞ்சள் நிறத்துக்குத் தண்ணீர் குடியுங்கள். வயிற்று உப்புசத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பேரன் உங்களோடே படுக்கட்டும். கழிப்பறை போய்வந்ததும், சமைக்கும் முன்பும் சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும். தட்டு, டம்ளரைத் தனியாக வைக்க வேண்டாம்.

நீங்கள் பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், கூடவே விலாவுக்குக் கீழே முதுகில் ஒரு பக்கமாக வலி அல்லது வாந்தி. அப்படி வந்தால் கிருமி சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது என்று பொருள். நான் சொன்ன நைட்ரோஃபுரான்டாயினும் வாய்வழி ஃபாஸ்ஃபோமைசினும் சிறுநீர்ப்பையோடு சரி, சிறுநீரகத்தில் உதவாது. மெரோபெனெம் போன்ற ஊசி மருந்து தேவைப்படும், அதுவும் மருத்துவமனையில். சர்க்கரை நோயாளிகளுக்கு இது மளமளவென்று ரத்தத்தில் பரவக்கூடும். சிலருக்குக் காய்ச்சல்கூடத் தெரியாது. பேச்சில் தடுமாற்றமும் அசாத்தியச் சோர்வும்தான் தெரியும். பாராசிட்டமால் போட்டுவிட்டுக் காலையில் பார்க்கலாம் என்று படுத்துவிடாதீர்கள். இரவு இரண்டு மணியானாலும் கிளம்புங்கள். வீட்டில் இருப்பவர்களிடமும் இதை இப்போதே சொல்லி வையுங்கள்.

கிளம்பும்போது இந்த ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். அது கையில் இருந்தால், அங்கே இருக்கும் மருத்துவர் பலிக்காத ஊசியில் முதல் இரண்டு நாட்களை இழக்க வேண்டியிருக்காது.