ஆங்கில அறிவிப்புப் பலகைகளில் ஏன் இத்தனை செயப்பாட்டு வினை?

"தீனி கொடுக்காதே" என்று நேரே எழுதாமல் "இஸ் ப்ரொஹிபிட்டட்" (தடைசெய்யப்பட்டுள்ளது) என்று ஏன் சுற்றி வளைக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

சரி, திருகோணமலைக் கோட்டை மான்களையே எடுத்துக்கொள்வோம். "டோன்ட் ஃபீட் த டியர்" என்பது ஏவல். கோட்டைக்குள் இருக்கும் கோணேசர் கோயிலுக்குப் போகிற உங்களை முகம் பார்த்துச் சொல்கிறது. "ஃபீடிங் டியர் இஸ் ப்ரொஹிபிட்டட்" என்றால் தடுத்தவர் யாரென்றே வாக்கியத்தில் இல்லை. ஆளில்லாத கட்டளையோடு யார் வாதாடுவது? அதிகாரிகளுக்கு அதுதானே வசதி!

ஆனால் இந்த வினை சறுக்கவும் செய்யும். லண்டன் சுரங்க ரயிலின் நகரும் படிக்கட்டில் "டாக்ஸ் மஸ்ட் பி கேரிட்" (நாய்கள் தூக்கிச் செல்லப்பட வேண்டும்) என்று இருக்கும். நாயோடு வந்தால் தூக்கிக்கொள்ளுங்கள் என்பதுதான் கருத்து. இலக்கணமோ, நாய் இல்லாதவர் ஏறவே கூடாது என்று வாசிக்கவும் இடம் தருகிறது. "ஹெல்மெட்ஸ் மஸ்ட் பி வோர்ன்" அச்சாக அதே அமைப்பு. அதை ஹெல்மெட் கட்டாயம் என்றுதான் எல்லோரும் படிக்கிறோம். வித்தியாசம் வாக்கியத்தில் இல்லை, நமது உலக அறிவில்தான்.