பட்டிக்கு முன்னால் சுத்தியல்: பழைய கார் கேள்வி-பதில்

கே: 1968 அம்பாசடர் வாங்கியிருக்கிறேன். மேலே இருப்பது டூக்கோவா, பியூ பெயிண்டா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

டூக்கோ என்பது தின்னர் ஆவியாகிக் காயும் நைட்ரோசெல்லுலோஸ் (என்.சி.) லாக்கர்; பியூ என்பது ஹார்டனர் (இறுக்கி) கலந்து இறுகும் பாலியூரித்தேன். டிக்கி மூடியின் உள்பக்கம் வெள்ளைத் துணியில் என்.சி. தின்னரைத் தொட்டு அரை நிமிடம் தேயுங்கள். நிறம் கரைந்து துணிக்கு வந்தால் டூக்கோ. தோல் போலச் சுருங்கி எழும்பினால் எனாமல். ஒன்றும் ஆகாவிட்டால் ஹார்டனர் கலந்த பியூ. முதல் இரண்டில் எது வந்தாலும் அதன் மேலேயே பியூ அடிக்காதீர்கள். தின்னர் கீழே இறங்கிப் பழைய கோட்டைத் தூக்கிவிடும். தகடு தெரியும்வரை உரித்துவிட்டுத் தொடங்குவதுதான் சிக்கனம்.

கே: பத்மினி காரின் பின்கதவில் பெரிய ஒடுக்கு. டிங்கர் (தகடு நிமிர்த்துபவர்) பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) பார்த்துக் கொடுத்தார். ஆறு மாதத்தில் வெடித்துவிட்டது. எந்த கம்பெனி பட்டி நல்லது?

கடிதம் தவறாமல் வருகிறது, கேள்விதான் தவறாகவே வருகிறது. பிழை டப்பாவில் இல்லை. ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி அந்தக் கதவில் வையுங்கள். ஒட்டாமல் விழுந்தால் அங்கே இருப்பது கதவு இல்லை, பட்டிச் சுவர். வெயிலில் தகடு விரியும், பட்டி அதே அளவு விரியாது. கதவை ஒவ்வொரு முறை சாத்தும்போதும் அதிர்ச்சி வேறு. பட்டி 3 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. 1 மி.மீ.யில் முடித்தால் டிங்கருக்குக் கை கொடுக்கலாம்.

ஒடுக்கை எடுப்பது சுத்தியலும் டாலியும்தான் (டாலி, தகட்டின் மறுபக்கம் தாங்கிப் பிடிக்கும் இரும்புக் கட்டை). உள்பக்கத் தார்ப்பூச்சைச் சுரண்டுங்கள். அடி விழுந்த நடுப்பள்ளத்தில் முதலில் கை வைக்காதீர்கள். கடைசியாக மடிந்த ஓரத்து மேட்டிலிருந்து உள்நோக்கி வாருங்கள். பள்ளத்தின் அடியில் டாலியை அழுத்திப் பிடித்து, பக்கத்து மேட்டில் சுத்தியலால் லேசாகத் தட்டினால் இரண்டும் சேர்ந்து சமமாகும். டாலிக்கு நேர் மேலேயே ஓங்கி அடித்துக்கொண்டிருந்தால் தகடு நசுங்கி அகலமாகும். பிறகு அழுத்தினால் 'டொப்' என்று உள்ளே போய் வெளியே வரும். அதற்கு மருந்து, காசு அளவு இடத்தை கேஸ் வெல்டிங் தீயில் சிவக்கக் காய்ச்சி, சுற்றிலும் தட்டி, ஈரத் துணியால் அணைத்துச் சுருக்குவது. பானட் நடுவில் இதைப் பழகிப் பார்க்க வேண்டாம்.

தகடு சமமாகிவிட்டதா என்று கண்ணை நம்பாதீர்கள். உள்ளங்கைக்கும் தகட்டுக்கும் நடுவில் துணி வைத்துத் தடவுங்கள். அதற்குப் பிறகே 80 நம்பர் உப்புத்தாள், எபாக்ஸி பிரைமர், மெல்லிய பட்டி. 100 கிராம் பட்டிக்கு ஹார்டனர் 2 கிராம். சீக்கிரம் இறுகட்டும் என்று கூடப் போட்டால், ஹார்டனர் மேலேறிப் பெயிண்டில் கறையாகத் தெரியும். தண்ணீர் விட்டுத் தேய்க்கவே கூடாது. பட்டி பஞ்சு போல ஈரம் குடிக்கும், அடியில் துரு பிடிக்கும், கொப்புளம் வரும். போன இதழிலும் சொன்னேன், அடுத்த இதழிலும் சொல்வேன்.

கே: ஐப்பசியில் டூக்கோ அடித்தேன். பால் ஊற்றியது போல் வெளுத்துவிட்டது.

தின்னர் ஆவியாகும்போது தகடு குளிரும், காற்றிலுள்ள ஈரம் அதில் படியும். ஆவியாவதைத் தாமதப்படுத்தும் ரிட்டார்டர் 10 சதவீதம் கலந்து, நன்றாக நீர்க்கவிட்டு, மேலே ஒரு மெல்லிய கோட் கொடுத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். மழை நாளில் அடிக்காமலிருந்தால் இந்தச் செலவே இல்லை. கம்பிரசர் டேங்கில் தேங்கிய தண்ணீரையும் தினம் திறந்து விடுங்கள்.

கே: எத்தனை லிட்டர் பெயிண்ட் வாங்கணும்?

எந்த வண்டி, எந்தப் பெயிண்ட்? எழுதினால் என்ன குறைந்துவிடும்? அம்பாசடர் என்று வைத்துக்கொள்கிறேன். கதவு உள்விளிம்பு, டிக்கி உள்பக்கம் சேர்த்து பியூ என்றால் கலர் மட்டும் 3 லிட்டர், ஹார்டனர் டப்பாவில் போட்டிருக்கும் விகிதப்படி. டூக்கோ என்றால் 4 முதல் 5 லிட்டர், தின்னர் அதற்கும் மேலே. ஹார்டனரும் தின்னரும் சேர்க்கும் முன் கலர் முழுவதையும் ஒரே பாத்திரத்தில் கலந்துவிட்டு அடியுங்கள். இரண்டாம் முறை கலக்கும் நிறம் ஒத்துவராது.

கே: ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்கு முதலில் பெயிண்டா, பாகங்களைப் பொருத்துவதா?

பொருத்திப் பார்ப்பது முதலில். அந்த வண்டிக்குத் தனி சேஸிஸ். மட்கார்டோடு சேர்ந்த பானட் முழுசாக முன்பக்கம் கவிழும். கீல் துளியளவு நகர்ந்தாலும் கதவோரத்து இடைவெளி கோணலாகும். எல்லா இடைவெளியும் சரியான பிறகு கழற்றி அடியுங்கள்.

கே: என் 1972 வண்டிக்கு மெட்டாலிக் கறுப்பு எடுப்பாக இருக்குமா?

இருக்காது. கறுப்பு தகட்டின் ஒவ்வொரு அலையையும் காட்டிக் கொடுக்கும். அந்தக் காலத்துச் சாதா நிறம்தான் அந்த உடம்புக்குப் பொருந்தும். நிறம் மாறினால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும். 2021 விதிப்படி 50 வயது தாண்டிய வண்டிக்கு 'வி.ஏ.' (விண்டேஜ்) வரிசை எண் வாங்கும் எண்ணம் இருந்தால் பாடி, சேஸிஸ், இன்ஜின் எதையும் வெட்டி மாற்றாதீர்கள்.

கே: பியூ அடிக்கும்போது கைக்குட்டை கட்டினால் போதுமா?

போதாது. ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது, ஒருமுறை ஆஸ்துமா வந்தால் விடாது. வெளிக்காற்று வரும் முகமூடி இல்லையென்றால் டூக்கோ அடியுங்கள். அதற்கும் கரிவடிகட்டி முகமூடி வேண்டும்.