பெயரில் என்ன சந்தேகம்? வாசகர் கேள்வி – பதில்

மகன் வழிப் பேத்திக்கு என் மாமியார் பெயரான இசக்கியம்மாளை வைக்க ஆசை. மருமகளோ யாழினி என்கிறாள். இசக்கி என்று இப்போது யாரும் வைப்பதில்லையா? வைத்தால் ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது?
– ஒரு வாசகி, அம்பாசமுத்திரம்

வைக்கிறார்கள், ஆனால் முழுசாக வைப்பதில்லை. சுடலைமாடனும் பேச்சிமுத்துவும் சுருங்கி சுடலைமணி, பேச்சிராஜா என்று ஆகிவிட்டார்கள். பெண் பிள்ளைகளுக்கு அந்த அளவுகூட இல்லை. இசக்கி, பேச்சி என்ற குலதெய்வத்தின் பெயர் கோயிலோடு நின்றுவிடுகிறது, சான்றிதழில் யாழினிதான். மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்பதால் அந்தக் காலத்திலும் கூப்பிடத் தனிப்பெயர் இருந்தது. அன்று ஆச்சி பெயர் பதிவில் ஏறியது, இன்று கூப்பிடும் பெயர் ஏறுகிறது. ஆகவே மருமகளிடம் ரொம்பக் கோபப்பட வேண்டாம்.

எழுத்துக்கு வருவோம். எழுத்துத் தமிழ்ப்படி ஆங்கிலத்தில் ‘ஐ’யில்தான் தொடங்க வேண்டும். ஆனால் இலையை எலை என்பதுபோல இசக்கியையும் எசக்கி என்றே நம் பக்கம் கூப்பிடுவதால் ‘இ’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்குவது ஊன்றிவிட்டது. இரண்டில் எதுவும் சரிதான். சிக்கல் நடுவில் வருகிறது. ஒரு ‘கே’ போட்டால் வெளியூர்க்காரர் ‘இசகி’ என்று படிப்பார், அதனால் இரண்டு ‘கே’ போடுங்கள். ‘எஸ்’ ஒன்று போதும். பேச்சியில் ‘சி எச்’சுக்கு முன்னால் ‘டி’ சேர்ப்பதும் இதற்காகத்தான், சகரம் அழுத்தமாக விழும். காந்திமதிக்கு முதலெழுத்து ‘கே’. காந்தியடிகளைப் பார்த்து ‘ஜி’ போடுகிறவர்களும் உண்டு.

‘இசக்கி யாழினி’ என்று இடைவெளி விட்டு எழுதினால், சில இணையப் படிவங்கள் யாழினியைக் குடும்பப் பெயராகப் பிரித்துவிடும். இரண்டும் வேண்டுமென்றால் சேர்த்தே எழுதுங்கள். எண்கணிதம் பார்த்து எழுத்துக் கூட்டுவதாக இருந்தால், பதிவுக்கு முன்பே கூட்டிவிடுங்கள்.

மனைவிக்குப் பிரசவம் அவள் அம்மா ஊரில். பெயர் இன்னும் முடிவாகவில்லை. எவ்வளவு நாள் அவகாசம்?
– ஒரு வாசகர், வள்ளியூர்

பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், பெயர் இல்லாமலும் பதியலாம். பெயரை 12 மாதத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதன்பின் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். குழந்தை பிறந்த இடத்துப் பதிவாளரிடம்தான் போக வேண்டும், உங்கள் ஊரில் கேட்டுப் பயனில்லை. மாமியார் ஊரில் பிறந்த பிள்ளைக்குச் சொந்த ஊர் அலுவலகத்தில் அலைகிறவர்கள் நிறைய. தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயரைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். வாயால் சொன்னால் எழுதுகிறவர் காதில் விழுந்ததுதான் பதிவாகும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளியில் சேர்க்கவும் பாஸ்போர்ட் எடுக்கவும் பிறந்த தேதிக்குச் சான்று இந்தப் பிறப்புச் சான்றிதழ்தான். ஆதாரில் பெயரை வாழ்நாளில் 2 முறைக்கு மேல் சாதாரணமாகத் திருத்த முடியாது.

என் பெயரை எப்படி எழுதுவது, முப்பிடாதியா, முப்புடாதியா?
– ஒரு வாசகர், தென்காசி

இரண்டும் வழக்கில் உள்ளவை. உங்கள் பள்ளிச் சான்றிதழில் எது இருக்கிறதோ, அதையே எழுதுங்கள்.