சம்பளச் சீட்டில் யார் பெயர்?

விற்பனை, மார்க்கெட்டிங் வேலைகளில் நுழைவது பற்றிச் சேலம் வட்டார வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் பதில்களும்

பி.காம். முடித்துவிட்டு, செவ்வாய்ப்பேட்டையில், கம்பெனி சரக்கை வாங்கிக் கடைகளுக்கு விற்கும் ஒரு பிஸ்கட் ஏஜென்சியில் இரண்டு வருடமாக லைன் (கடை கடையாக ஆர்டர் எடுக்க) போகிறேன். கம்பெனி டி-ஷர்ட்தான் போடுகிறேன். ஆனால் "நீ கம்பெனி ஆள் இல்லை" என்கிறார்கள். சேல்ஸ் ஆபீசர் ஆக வழி உண்டா?
– அம்மாப்பேட்டை வாசகர்

டி-ஷர்ட் கம்பெனியுடையது, சம்பளம் ஏஜென்சியுடையது. சேலத்தில் லைன் போகிறவர்களில் மிகப் பலருக்கு இதுதான் நிலை. உங்கள் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து, பணம் கட்டுபவர் என்று யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். ஏஜென்சி பெயர் இருக்கலாம். ஆள் அனுப்பும் கான்ட்ராக்ட் நிறுவனத்தின் பெயர் இருக்கலாம். கம்பெனி பெயரே இருக்கலாம். எந்தப் பெயரும் இல்லாமலும் இருக்கலாம். அடுத்த படி எது என்பதை அந்தப் பெயர்தான் சொல்லும்.

ஏஜென்சி ஆள் நேராகக் கம்பெனி சேல்ஸ் ஆபீசர் ஆவது அரிது. இடையில் ஒரு படி உண்டு. கான்ட்ராக்ட் நிறுவனத்தின் சம்பளத்தில், கம்பெனி வேலையைப் பார்க்கும் சூப்பர்வைசர் அல்லது டெரிட்டரி இன்சார்ஜ் பதவி அது. நான்கைந்து லைன் ஆட்களை மேய்ப்பதுதான் அங்கே வேலை. அதில் ஒன்றிரண்டு வருடம் நல்ல கணக்குக் காட்டியவர்கள் கம்பெனி சம்பளத்துக்குப் போகிறார்கள். சேல்ஸ் ஆபீசருக்கு மேலே ஏரியா மேனேஜர், ரீஜனல் மேனேஜர் என்று போகும். பல கம்பெனிகளில் ஏரியா மேனேஜர் நாற்காலியை எம்.பி.ஏ. படித்தவர்களுக்கென்றே ஒதுக்கி வைக்கிறார்கள். அதனால் சேரும் முன்பே, "இங்கே சேல்ஸ் ஆபீசராக இருந்து ஏரியா மேனேஜர் ஆனவர் யாராவது உண்டா?" என்று கேட்டுவிடுங்கள்.

"டார்கெட் அடித்தேன்" என்று இன்டர்வியூவில் எல்லோரும்தான் சொல்வார்கள். நீங்கள் பன்னிரண்டு மாதக் கணக்கை எடுத்துப் போங்கள். ஆர்டர் எடுக்கும் ஆப்பிலேயே எல்லாம் இருக்கும். ஆறு பீட் (ஒரு நாளில் சுற்றி வரும் கடை வரிசை), பீட்டுக்கு 45 கடை என்றால் மொத்தம் 270 கடை. மாதத்தில் ஒரு முறையாவது பில் விழுந்த கடை எத்தனை? 200 என்றால் 74 சதவீதம். ஒரு பில்லில் சராசரி எத்தனை அயிட்டம், புதிதாகத் திறந்த கடை எத்தனை, மாதக் கடைசியில் வெளியே நிற்கும் பாக்கி எவ்வளவு என்று நான்கு எண்களையும் மாதவாரியாக ஒரே தாளில் எழுதுங்கள்.

ரூபாய் டார்கெட்டை மட்டும் ஏன் நம்ப மாட்டார்கள் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். 27-ஆம் தேதி வரை 70 சதவீதத்தில் நின்றது, லீ பஜார் மொத்தக் கடையில் நாலு பெட்டி போகும் இடத்தில் நாற்பது பெட்டி இறக்கியதும் 100 ஆகிவிடும். அந்தச் சரக்கு அடுத்த வாரமே விலை உடைத்து உங்கள் பீட்டுக் கடைகளுக்கே வரும். நீங்கள் போய் நின்றால், "உன் ரேட்டுக்குக் கீழே பஜாரில் கிடைக்கிறதே" என்பார் அண்ணாச்சி. மிஞ்சியது எக்ஸ்பைரியாகித் திரும்பும். கடைசி ஐந்து நாளில் பாதி விற்பனை என்று தாளில் கண்டால் அனுபவமுள்ள மேனேஜருக்கு விஷயம் புரிந்துவிடும். கடை எண்ணிக்கையை இப்படி ஒரே நாளில் ஏற்றிக் காட்ட முடியாது.

அடுத்து, முதலாளியின் கணக்கைக் கற்றுக்கொள்ளுங்கள். சேல்ஸ் ஆபீசரின் பாதி வேலை ஏஜென்சி முதலாளியை இன்னும் கொஞ்சம் பணம் போட வைப்பதுதான். ஒரு மாதிரிக் கணக்கு: குடோனில் சரக்கு 8 லட்சம், கடைப் பாக்கி 5 லட்சம், கம்பெனி திருப்பித் தர வேண்டிய கிளைம் (சலுகை, எக்ஸ்பைரிப் பணம்) 1 லட்சம், ஆக முதலீடு 14 லட்சம். மாத விற்பனை 30 லட்சத்துக்கு 5 சதவீத மார்ஜின் என்றால் 1.5 லட்சம். வண்டி, ஆள் சம்பளம், குடோன் வாடகை, பில் போடும் ஆள் எல்லாம் சேர்ந்து 1.08 லட்சம் போனால் மிச்சம் 42,000. வருடத்துக்கு 5.04 லட்சம், அதாவது முதலீட்டில் 36 சதவீதம். இதே இடத்தில் கடைப் பாக்கி 5 லட்சத்திலிருந்து 10 லட்சம் ஆனால் முதலீடு 19 லட்சம், வருமானம் 26.5 சதவீதத்துக்கு இறங்கிவிடும். "மார்ஜின் போதவில்லை" என்று முதலாளி சொன்னால், மார்ஜினைப் பற்றிப் பேசாமல் பாக்கியையும் கிளைமையும் எடுத்துப் பேசத் தெரிந்தவர்தான் சேல்ஸ் ஆபீசர். இன்டர்வியூவில் இந்தக் கேள்வி வந்தே தீரும்.

சேலம் டவுனிலேயே வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் காத்திருப்பு நீளும். தர்மபுரி, கள்ளக்குறிச்சி என்றாலும் போகத் தயார் என்று சொல்லுங்கள். இப்போதைய சேல்ஸ் ஆபீசரிடம் நல்ல பெயர் எடுத்து வையுங்கள். அவர் வேறு கம்பெனிக்குப் போகும்போது தெரிந்த ஆட்களைத்தான் முதலில் கூப்பிடுவார். வேலையை விடும் முன், கடைவாரியாகப் பாக்கிப் பட்டியல் எடுத்து முதலாளியிடம் கையெழுத்து வாங்குங்கள். இதைச் செய்யாமல் வெளியேறியவர்களுக்குத்தான் கடைசி மாதச் சம்பளத்தில் கைவைக்கிறார்கள்.

பி.எஸ்சி. வேதியியல் படித்தவன். மெடிக்கல் ரெப் வேலைக்கு பி.ஃபார்ம். கட்டாயமா? நாள் முழுக்க பைக்தானா?
– ஓமலூர் வாசகர்

கட்டாயமில்லை. அறிவியல் பட்டம் போதும் என்கிற கம்பெனிகள் நிறைய. பார்மசி படித்தவர்களுக்குப் பெரிய கம்பெனிகள் முன்னுரிமை தரும், அவ்வளவே.

நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு டாக்டர், ஐந்தாறு மெடிக்கல் ஷாப் என்பது பொதுவான கணக்கு. பைக்கில் போகும் நேரத்தைவிட கிளினிக் வாசலில் காத்திருக்கும் நேரம்தான் அதிகம். காலையில் ஆஸ்பத்திரி, மதியம் ஓய்வு, மறுபடி மாலை ஆறிலிருந்து ஒன்பது பத்து மணி வரை கிளினிக். மூன்று மாதத்தில் விட்டுவிட்டு ஓடுகிறவர்கள் பெரும்பாலும் இந்த ராத்திரி நேரத்துக்காகத்தான் ஓடுகிறார்கள். வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சேலம் தலைமையிடம் என்றால் ஆத்தூர், மேட்டூர் போன்றவை அன்றே போய்த் திரும்பும் ஊர்கள். ராத்திரி தங்க வேண்டிய ஊர்கள் வேறு. உள்ளூர், போய்த் திரும்பும் ஊர், தங்கும் ஊர் என மூன்றுக்கும் பயணப்படி வேறுவேறாக இருக்கும். சம்பளத்தைக் கேட்பதோடு, "செலவுக் கணக்கு அனுப்பினால் எந்தத் தேதிக்குள் பணம் வரும்?" என்றும் கேளுங்கள். பெட்ரோல் உங்கள் பையிலிருந்து போகிறது. இரண்டு மாதம் தாமதித்தால் சம்பளம் வாங்கியும் கடனாளியாகி நிற்பீர்கள்.

விற்பனையை அளப்பது ஸ்டாக்கிஸ்ட் (மருந்து மொத்த விற்பனையாளர்) கொடுக்கும் பட்டியலை வைத்து: மாத ஆரம்ப இருப்பு, கூட்டு வாங்கியது, கழி மாதக் கடைசி இருப்பு. டாக்டர் உண்மையிலேயே எழுதுகிறாரா என்பதை அவர் கிளினிக் பக்கத்து மெடிக்கல் ஷாப்பில் விசாரித்துத்தான் அறிய வேண்டும். இந்த விசாரிப்பைச் சோம்பல் படாமல் செய்பவர்கள் தேறுகிறார்கள்.

இரண்டு விஷயம் எழுத்தில் வேண்டும். ஒன்று, நியமனக் கடிதம். விற்பனை மேம்பாட்டுப் பணியாளர்களுக்காக 1976-ல் வந்த சட்டமே இதைக் கட்டாயமாக்கியது. "மூணு மாசம் பார்த்துட்டுக் கொடுக்கிறோம்" என்றால் வேண்டாம். இன்னொன்று, டாக்டருக்குப் பரிசு கொடுக்கச் சொன்னால் அதை மெயிலில் கேளுங்கள். மருந்து விற்பனைக்கான 2024-ஆம் ஆண்டின் சீரான நடைமுறை விதித்தொகுப்பு அதைத் தடை செய்கிறது. பெரும்பாலும் மெயில் வராது.

முதல் கம்பெனியைச் சம்பளத்தை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். எத்தனை நாள் வகுப்பு என்று பாருங்கள். பொது மருந்துப் பிரிவில் இரண்டு வருடம் ஓட்டிவிட்டு, இதயம், சர்க்கரை, தோல் போன்ற சிறப்புப் பிரிவுக்கு மாறுவது நல்ல தாவல்.

ஏற்காட்டில் ஒரு ரிசார்ட்டில் மூன்று வருடமாக ஃப்ரன்ட் ஆபீசில் இருக்கிறேன். ஓட்டல் சேல்ஸுக்கு மாற ஆசை. என்ன கற்க வேண்டும்?
– ஏற்காடு வாசகர்

மே மாதக் கோடை விழா நாட்களில் அறையை விற்க சேல்ஸ் ஆள் தேவையில்லை. ஜூலையில், செவ்வாய் புதன் கிழமைகளில் காலியாகக் கிடக்கும் அறைகளுக்குத்தான் உங்களுக்குச் சம்பளம். அதை நிரப்புவது குடும்பங்கள் அல்ல, டீலர் மீட்டிங், கம்பெனிக் கூட்டம், கல்லூரிக் குழுக்கள். ஆகவே வேலை மலை மேல் இருக்காது. சேலம், ஈரோடு, கோவை, பெங்களூரு ஆபீஸ்களில் ஏறி இறங்க வேண்டும்.

அறை மட்டும், காலை உணவோடு, இரு வேளை உணவோடு, மூன்று வேளை உணவோடு என்ற நான்கு கட்டண முறைகள் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். ஃப்ரன்ட் ஆபீஸ் ஆளுக்கு அது பெரிய முன்னிலை. புதிதாகக் கற்க வேண்டியது கொட்டேஷன் போடுவது. 40 பேர், இருவருக்கு ஓர் அறை என்றால் 20 அறை, ஒரு நாள் ஹால், உணவு, ஜி.எஸ்.டி. எல்லாம் சேர்த்துத் தலைக்கு இவ்வளவு என்று அரை மணி நேரத்தில் மெயில் போக வேண்டும். ஆன்லைன் புக்கிங் தளங்கள் பொதுவாக 15 முதல் 25 சதவீதம் வரை கமிஷன் எடுக்கும். அதே தொகைக்குள் குழுவுக்குச் சலுகை கொடுத்தால் ஓட்டலுக்கு நஷ்டமில்லை என்று மேனேஜரிடம் கணக்குக் காட்டுங்கள்.

புதியவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 20 அறையைப் பிடித்து வைக்கச் சொல்வார்கள், கடைசியில் 12 அறைக்குத்தான் பெயர் வரும். எந்தத் தேதிக்கு மேல் பிடித்த அறைகள் விடுவிக்கப்படும், அட்வான்ஸ் எவ்வளவு என்று முதல் மெயிலிலேயே இருக்க வேண்டும். இன்னொன்று சின்ன விஷயம்: பஸ்ஸில் வரும் குழுவிடம் 20 கொண்டை ஊசி வளைவைப் பற்றி முன்பே சொல்லி, காலைச் சாப்பாட்டை மேலே வந்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பாதி குழு வாந்தியோடு வந்து இறங்கினால் அன்றைய மீட்டிங் கெடும், பழி உங்கள் ஓட்டலுக்கு.

ஐந்து ரோடு பக்கம் ஒரு டிஜிட்டல் மார்க்கெட்டிங் வகுப்பு, 60,000 ரூபாய் கேட்கிறார்கள். வேலை உத்தரவாதம் என்கிறார்கள். சேரலாமா?
– சூரமங்கலம் வாசகர்

முதலில் பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். இணையதளத்துக்கு வருவோரை அளக்கும் கூகுள் அனலிட்டிக்ஸின் பழைய வடிவம் 2023 ஜூலையோடு நிறுத்தப்பட்டுவிட்டது. அதையே இன்னும் பாடமாக வைத்திருந்தால் வந்த வழியே திரும்பிவிடுங்கள். கூகுள் விளம்பரச் சான்றிதழுக்கான பாடமும் தேர்வும் கூகுளின் ஸ்கில்ஷாப் தளத்தில் இலவசம். அந்தச் சான்றிதழைக் காட்டித்தான் 60,000 கேட்கிறார்கள் என்றால் கொடுக்க வேண்டாம்.

அந்தப் பணத்தில் ஒரு சிறு பகுதியை வைத்து இதைச் செய்து பாருங்கள். இளம்பிள்ளையில் சேலை விற்கும் தெரிந்தவர் ஒருவரைப் பிடித்து, நாளைக்கு 200 ரூபாய் வீதம் பத்து நாள் விளம்பரம் ஓட்டுங்கள். வாட்ஸ்ஆப்பில் வரும் ஒவ்வொரு விசாரிப்பையும் ஷீட்டில் எழுதுங்கள். 2,000 செலவில் 40 விசாரிப்பு, 5 விற்பனை என்று வைத்துக்கொள்வோம். விசாரிப்புக்கு 50 ரூபாய், விற்பனைக்கு 400 ரூபாய் ஆகியிருக்கிறது. சேலைக்கு லாபம் 250 என்றால் ஒவ்வொரு சேலையிலும் 150 நஷ்டம். அப்படியானால் படத்தை மாற்றுவதா, ஊரை மாற்றுவதா, இரண்டு சேலையாகக் கட்டி விற்பதா? இன்டர்வியூவில் இந்த ஷீட்டைக் காட்டி, நஷ்டத்தையும் மறைக்காமல் பேசினால் கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

"சேல்ஸ் மேனேஜர் வேலை" என்று கூப்பிட்டார்கள். போனால் 15,000 ரூபாய்க்குப் பொருள் வாங்கு, இரண்டு பேரைச் சேர் என்கிறார்கள்.
– மெய்யனூர் வாசகர்

வேலையே அல்ல. நேரடி விற்பனைக்கான 2021-ஆம் ஆண்டு விதிகள் நுழைவுக் கட்டணத்தையும், ஆள் சேர்த்தால் பணம் என்னும் பிரமிட் திட்டங்களையும் தடை செய்கின்றன. பணம் வாங்கிக்கொண்டு வேலை தரும் இடம் எதுவானாலும் அங்கே விற்பனைப் பொருள் நீங்கள்தான்.

34 வயது. பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தேன். ஏழு வருடம் வீட்டில் இருந்துவிட்டேன். எல்.ஐ.சி. ஏஜென்ட் ஆவதா, மியூச்சுவல் ஃபண்ட் பக்கம் போவதா?
– ஆத்தூர் வாசகி

இரண்டிலும் மாதச் சம்பளம் கிடையாது. கமிஷன்தான். வீட்டுச் செலவுக்கு இந்தப் பணத்தை நம்பியிருந்தால் இப்போது வேண்டாம்.

இன்சூரன்ஸுக்குப் பத்தாம் வகுப்பு போதும். 25 மணி நேரப் பயிற்சி, பிறகு ஐ.சி. 38 என்ற ஏஜென்ட் தேர்வு. 50 கேள்வி, ஒரு மணி நேரம், 35 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. தமிழிலேயே எழுதலாம். தேர்வு சிரமமில்லை. சிரமம் நான்காவது மாதம் வரும். சொந்தக்காரர், அக்கம்பக்கம் எல்லாம் முடிந்துவிடும், அடுத்து யாரைப் பார்ப்பது என்று தெரியாது. சேரும் முன்பே சொந்தமில்லாத 100 பேரின் பட்டியல் எழுதிப் பாருங்கள். பள்ளி ஆசிரியர்கள், மரவள்ளி விவசாயிகள், சேகோ ஆலை ஊழியர்கள் என்று தொழில்வாரியாக எழுதினால் எளிது. நாற்பதோடு நின்றுவிட்டால் யோசியுங்கள்.

மியூச்சுவல் ஃபண்டுக்கு, என்.ஐ.எஸ்.எம். (பங்குச் சந்தைக் கல்வி நிறுவனம்) நடத்தும் ஐந்து-ஏ தேர்வு. 100 கேள்வி, இரண்டு மணி நேரம், 50 சதவீதம் தேவை, தப்புக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். சான்றிதழ் மூன்று வருடம் செல்லும். அதன் பிறகு மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபியில் ஏ.ஆர்.என். பதிவு எண் வாங்க வேண்டும். 2018-லிருந்து முன்கூட்டிய கமிஷன் பொதுவாகக் கிடையாது, முதலீடு இருக்கும் வரை சிறுகச் சிறுகத்தான் வரும். 50 பேர் மாதம் 2,000 கட்டினால் வருடக் கடைசியில் 12 லட்சம் சேரும். கமிஷன் 0.8 சதவீதம் என்று வைத்தாலும் முதல் வருடம் முழுக்கச் சேர்த்து உங்கள் கைக்கு வருவது ஏறக்குறைய 5,000 ரூபாய். நான்காவது, ஐந்தாவது வருடத்தில்தான் அது கண்ணுக்குத் தெரியும் தொகையாகும்.

இன்சூரன்ஸில் தொடங்கி, வாடிக்கையாளர் ஐம்பது பேர் ஆன பிறகு இரண்டாவது தேர்வை எழுதுவது உங்களுக்குச் சரிப்படும். கட்ட முடியாதவருக்குப் பெரிய பாலிசியைத் தள்ளிவிடாதீர்கள். இரண்டாம் வருடம் அவர் பிரீமியம் நிறுத்தினால் உங்கள் புதுப்பிப்புக் கமிஷனும் அதோடு நிற்கும்.