கடலோரக் கேள்விகள்: நீண்டகரை மட்டி

கேள்வி: கொல்லம் போனபோது நீண்டகரையில் ‘மஞ்ஞக் கக்கா’ என்று மஞ்சள் மட்டி வாங்கினோம். ஆலப்புழையில் என் தங்கை வாங்குவதோ கறுப்பு மட்டி. இரண்டும் காயலில் எடுப்பவைதானே? வீட்டுக்கு வந்து குழாய்த் தண்ணீரில் போட்டால் ஒன்றுகூட வாய் திறக்கவில்லை.
– வாசகி, தென்காசி

பதில்: காயல் முழுக்க ஒரே உப்பு இருக்காது. கொல்லத்து அஷ்டமுடிக் காயலுக்குள் கல்லடையாறு நன்னீரைக் கொண்டுவந்து கொட்டுகிறது. நீண்டகரை முகத்துவாரம் வழியாகக் கடல் ஏறி இறங்குகிறது. மஞ்சள் மட்டிக்கு உப்பு தூக்கலாக வேண்டும். அதனால் முகத்துவாரத்தை ஒட்டிய மணல் தரையில்தான் மண்டிக் கிடக்கும். உப்பு குறைந்த இடம் கறுப்பு மட்டிக்கு. ஆலப்புழைப் பக்கத்து வேம்பநாட்டுக் காயலில் பெரும்பாலும் அதுதான்.

மஞ்சள் மட்டிக்குத் தண்ணீரை உள்ளே இழுக்க ஒரு குழல், வெளியே விட ஒரு குழல். இரண்டும் குட்டை. ஆழமாகப் புதைந்தால் குழல் தண்ணீருக்கு எட்டாது. ஆகவே மேல்மணலிலேயே கிடந்து, காலால் துழாவுகிறவரிடம் சுலபமாக மாட்டிக்கொள்ளும். மழைக்காலத்தில் ஆற்று வெள்ளம் வந்து உப்பு குறைந்தால் ஓட்டை இறுக்கிக்கொண்டு பட்டினி கிடக்கும். வெள்ளம் வடிய நாளானால் கூட்டமாகச் சாகும். உங்கள் பாத்திரத்திலும் அது கண்டது வெள்ளத்தைத்தான்! அடுத்த முறை லிட்டருக்கு 30 முதல் 35 கிராம் கல்லுப்பு கரைத்துச் சில மணி நேரம் வையுங்கள், மணலைக் கக்கும். சமைக்கும் முன்பே ஓடு விரிந்து, தட்டினாலும் மூடாதது செத்தது. வெந்த பிறகும் திறக்காததையும் தூக்கிப் போடுங்கள். புளியும் மசாலாவும் அதைச் சரிசெய்யாது.

கேள்வி: ஜனவரியில் போனோம். அஷ்டமுடி மட்டி இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள். ஏன்?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அங்கே மட்டி எடுக்கத் தடை, இனப்பெருக்கக் காலம். வியட்நாம், தாய்லாந்து, மலேசியா என்று ஏற்றுமதி சூடுபிடித்ததும் கண்மண் தெரியாமல் வாரினார்கள். 1991-இல் 10,000 டன்னைத் தொட்ட பிடிப்பு, 1993-இல் பாதியாகிவிட்டது. பிறகுதான் தடைக்காலமும் வலைக்கண் அளவும் வந்தன. 2014-இல் எம்.எஸ்.சி. என்ற சர்வதேச நிலைத்த மீன்பிடிச் சான்று கிடைத்தது. இந்தியாவில் அதைப் பெற்ற முதல் மீன்பிடிப்பு இதுவே. பெரிய டிராலர்களை முந்திக்கொண்டு, வள்ளத்தில் போய் மட்டி எடுப்பவர்கள் வாங்கிய சான்று என்பதில் எனக்குக் கொஞ்சம் கூடுதல் சந்தோஷம். உங்களைத் திருப்பி அனுப்பிய கடைக்காரர் நல்லவர். மார்ச்சில் போங்கள்.