மடிக்கணினியில் வைஃபை இணைந்தும் இணையம் வரவில்லை: ரௌட்டரை ரீசெட் செய்யலாமா?

வேண்டாம். அந்தச் சின்னத் துளையில் குண்டூசியை விடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

நீங்கள் சொல்வது இதுதான்: வீடு வேலூர் கொசப்பேட்டையில், ஃபைபர் இணைப்பு. செல்போனில் எல்லாம் வருகிறது. மடிக்கணினியில் மட்டும் வைஃபை இணைந்ததாகக் காட்டிவிட்டு, கீழே 'இணையம் இல்லை' என்கிறது. பக்கத்து வீட்டுத் தம்பி ரீசெட் பொத்தானை அழுத்தச் சொல்கிறார். நான் சத்துவாச்சாரியில் கணினிப் பழுது பார்க்கிறவன். இதே புகாரோடு மடிக்கணினியைப் பையில் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் அதிகம். அவர்களில் பலர் ரீசெட்டையும் அழுத்திவிட்டுத்தான் வருவார்கள்.

ரௌட்டரின் சுவிட்சை அணைத்து, ஒரு நிமிடம் விட்டுப் போடுவதில் எந்த நஷ்டமும் இல்லை. அதைத் தாராளமாகச் செய்யுங்கள். ரீசெட் அப்படியல்ல. அந்தப் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் பெட்டி தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குத் திரும்பிவிடும். வைஃபையின் பெயரும் கடவுச்சொல்லும் போவது சின்ன இழப்பு. பல இணைப்புகளில் நிறுவனம் உங்களுக்கென்று கொடுத்த பயனர் பெயரும் அதற்கான கடவுச்சொல்லும் இன்னும் சில அமைப்புகளும் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கும். இணைப்புக் கொடுக்க வந்தவர் அன்றே தன் செல்போனிலிருந்து அவற்றைப் பதிந்துவிட்டுப் போயிருப்பார். உங்களிடம் எழுதிக் கொடுத்திருக்க மாட்டார். அவை அழிந்தால் இப்போது செல்போனில் வருவதும் நின்றுபோகும். சனிக்கிழமை மாலை இந்தக் காரியத்தைச் செய்தீர்களானால் திங்கட்கிழமை வரை ஆள் வருவார் என்று எதிர்பார்க்காதீர்கள்.

முதலில் செல்போனைச் சோதியுங்கள். ஆம், நன்றாக வேலை செய்கிற செல்போனைத்தான். வைஃபையில் இணையம் இல்லை என்று தெரிந்தால் இன்றைய ஆண்ட்ராய்டு போன்கள் சொல்லாமல் கொள்ளாமல் சிம் கார்டின் டேட்டாவுக்கு மாறிக்கொள்ளும். நீங்கள் வைஃபையில் பார்ப்பதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள். மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, ஏதாவது ஒரு செய்தித் தளத்தைத் திறந்து பாருங்கள். திறக்கவில்லையென்றால் மடிக்கணினி மேல் பழி இல்லை, கோளாறு லைனில் இருக்கிறது. உடனே சுவரில் இருக்கும் பெட்டியின் விளக்குகளைப் பாருங்கள். 'பான்' என்று எழுதிய விளக்கு நிலையாக எரிய வேண்டும். 'எல்ஓஎஸ்' என்ற விளக்கு சிவப்பாக எரிந்தாலோ மின்னினாலோ ஃபைபரில் ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். தெருவைத் தோண்டும்போது கம்பி அறுந்திருக்கலாம், எலி கடித்திருக்கலாம், பீரோவை நகர்த்தியபோது அந்த மெல்லிய மஞ்சள் கம்பி மடங்கியிருக்கலாம். உள்ளே ஓடுவது கண்ணாடி இழை. கூர்மையாக மடக்கினால் ஒளி வெளியே கசிந்துவிடும். மடிப்பை மெதுவாக நீக்கிப் பாருங்கள். சரியாகவில்லையென்றால் புகார் எண்ணுக்கு அழைப்பதைத் தவிர வழியில்லை. கணினியில் எதை மாற்றினாலும் அந்தச் சிவப்பு விளக்கு அணையாது.

மொபைல் டேட்டா இல்லாமலும் செல்போனில் வருகிறது என்றால், இனி மடிக்கணினிக்கு வருவோம்.

மடிக்கணினி இணைந்ததாகக் காட்டுவது அதற்கும் பெட்டிக்கும் நடுவே உள்ள தூரத்துக்கு மட்டும்தான். அதற்குப் பிறகு பெட்டி அதற்கு ஒரு முகவரி எண் கொடுக்க வேண்டும். விண்டோஸ் 11 என்றால் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய், வைஃபை, அதில் உங்கள் இணைப்பின் ப்ராப்பர்டீஸ் என்று திறந்தால் கீழே 'ஐபிவி4 அட்ரஸ்' என்று ஓர் எண் இருக்கும். அது 192.168 என்று தொடங்கினால், பெரும்பாலும் முகவரி சரியாகக் கிடைத்திருக்கிறது. 169.254 என்று தொடங்கினால் பெட்டியிடமிருந்து எதுவும் வரவில்லை. மடிக்கணினி தானாக ஓர் எண்ணைப் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறது. என் மேசைக்கு வரும் எந்த மடிக்கணினியிலும் நான் முதலில் பார்ப்பது இந்த எண்ணைத்தான்.

169.254 என்றால் அந்த வைஃபை பெயரை 'ஃபர்கெட்' கொடுத்து மறக்கச் செய்து, கடவுச்சொல்லைப் புதிதாக அடித்து இணையுங்கள். பெட்டியையும் ஒருமுறை அணைத்துப் போடுங்கள். எண் 192.168 என்று இருந்தும் வரவில்லையென்றால், அதே பக்கத்தில் 'ஐபி அசைன்மென்ட்' என்ற இடத்தில் 'ஆட்டோமேட்டிக்' என்று இருக்கிறதா பாருங்கள். ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கத் தொழிற்சாலை அலுவலகங்களிலிருந்து வரும் கணினிகளில் இது அடிக்கடி சிக்கும். அங்கே கணினிக்கு நிலையான எண்ணைக் கையால் பதிந்து வைத்திருப்பார்கள். வீட்டுக்கு எடுத்து வந்தால் வீட்டுப் பெட்டியின் எண் வரிசைக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். சிக்னல் போதவில்லையென்று பழைய ரௌட்டர் ஒன்றை உள்ளறையில் மாட்டியிருக்கிறீர்களா? இரண்டு பெட்டிகளும் ஒரே வீட்டில் முகவரி கொடுக்கத் தொடங்கினால், அதிலும் இரண்டின் சொந்த எண்ணும் 192.168.1.1 ஆக இருந்தால், செல்போனில் வரும், மடிக்கணினியில் வராது. மறுநாள் தலைகீழாக இருக்கும். எந்தக் கருவி எந்தப் பெட்டியிடம் முகவரி வாங்கியது என்பதைப் பொறுத்து எல்லாம் மாறும். இரண்டாவது பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் அதன் எண்ணை 192.168.1.2 என்பதுபோல் மாற்றி, முகவரி கொடுக்கும் வேலையை, அதாவது டிஎச்சிபியை, நிறுத்திவிடுங்கள். முதல் பெட்டியிலிருந்து வரும் கேபிளை இதன் லேன் துளை ஒன்றில் செருகுங்கள். சண்டை தீர்ந்துவிடும்.

முகவரி சரி, ஆனாலும் தளம் திறக்கவில்லை என்றால் கமாண்ட் ப்ராம்ப்ட்டை, அதாவது கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையை, திறந்து பிங் கட்டளையில் 8.8.8.8 என்ற எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். பதில் வந்து, தளத்தின் பெயரைக் கொடுத்தால் மட்டும் வரவில்லையென்றால், பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சேவையில்தான் கோளாறு. டிஎன்எஸ் அமைப்பில் 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று பதிந்துவிட்டால் போதும். எண், பெயர் இரண்டுக்கும் பதில் வந்தும் உலாவியில் மட்டும் திறக்காவிட்டால் ப்ராக்ஸியை, அதாவது இணையத்தை வேறொரு கணினி வழியாகத் திருப்பிவிடும் அமைப்பை, பாருங்கள். கல்லூரியிலோ அலுவலகத்திலோ போட்டுவிட்ட ப்ராக்ஸி அமைப்பு அப்படியே இருக்கும். பாதி நீக்கிய விபிஎன் மென்பொருளும் இதே தொல்லையைத் தரும்.

மேசைக் கணினி வைத்திருப்பவர்களுக்காக ஒன்று. எல்லாத் தளமும் 'இது பாதுகாப்பானது அல்ல' என்று எச்சரித்தால் திரையின் மூலையில் தேதியைப் பாருங்கள். பல ஆண்டுகள் பின்னால் நின்றிருக்கும். மதர்போர்டில் உள்ள சிஆர் 2032 என்ற காசு வடிவ பேட்டரி செத்துவிட்டால், மின்வெட்டு வரும்போதெல்லாம் கடிகாரம் பழைய தேதிக்கு ஓடிவிடும். தளங்களின் சான்றிதழ்களுக்குக் காலக்கெடு உண்டு. கணினியின் தேதி தவறாக இருந்தால் எந்தச் சான்றிதழும் செல்லாது. இதற்காக ரௌட்டரையே மாற்றியவர்கள் இருக்கிறார்கள். பேட்டரியை மாற்றித் தேதியைத் திருத்தினால் முடிந்தது.

உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்றையும் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் கொசப்பேட்டை என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கேயும் சைதாப்பேட்டையிலும் பழைய வீடுகள் அகலம் குறைந்து, ரயில் பெட்டிபோல் நீளமாகப் போகும். தெருவில் உள்ள கம்பத்திலிருந்து ஃபைபரை இழுத்து வருகிறவர் வாசல் நிலைக்கு மேலே துளை போட்டு, முதல் சுவரிலேயே, மின்மீட்டர் பலகைக்குப் பக்கத்தில், பெட்டியைத் திருகி மாட்டிவிட்டுப் போய்விடுவார். கல்லூரிக்குப் போகிற பிள்ளையின் மேசை சமையலறையையும் தாண்டிக் கடைசியில் இருக்கும். நடுவே பழைய கருங்கல் அல்லது சுண்ணாம்புச் சுவர்கள், ஓர் இரும்பு பீரோ, மூலையில் நீர் நிறைந்த டிரம். இரும்பு வைஃபை அலையைத் திருப்பிவிடும், தண்ணீர் விழுங்கிவிடும். அப்படிப்பட்ட ஒரு வீட்டில் பையன் இணைய வகுப்பு வரும்போதெல்லாம் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வாசல் திண்ணைக்கு வந்துவிடுவான். பின்கட்டில் இரண்டு கோடு சிக்னல், வாசலில் முழுச் சிக்னல். கணினி கெட்டுவிட்டதென்று எனக்கு ஆள் அனுப்பியிருந்தார்கள். கணினியில் ஒன்றுமே இல்லை. பெட்டியிலிருந்து பின்கட்டு வரை ஒரு கேட் 6 நெட்வொர்க் கேபிளை இழுத்து, அங்கே இரண்டாவது பெட்டியை வைக்கலாம் என்றேன். "பூஜை அறைச் சுவரில் மட்டும் ஓட்டை போடாதே தம்பி" என்றார் அந்த வீட்டு அம்மா. "சரி அம்மா" என்று சுற்றுவழியாக, கூரை ஓரமாகவே கொண்டுபோனேன். கேபிள் கொஞ்சம் கூடுதலாகச் செலவானது, அவ்வளவுதான். 100 மீட்டர் வரை இந்தக் கேபிள் வேகம் குறையாமல் போகும், வேலூரில் எந்த வீடும் அவ்வளவு நீளமில்லை.

கடையில் உங்களுக்கு ரிப்பீட்டர் என்று ஒரு சிறிய பெட்டியைக் காட்டுவார்கள். விலை குறைந்தவற்றில் பெரும்பாலானவை ஒரே ரேடியோவால் வாங்கி, அதே ரேடியோவால் திருப்பி அனுப்புகிறவை. வேகம் ஏறக்குறையப் பாதியாகும். அதையும் சிக்னலே வராத கடைசி அறையில் செருகினால் அதற்கே கிடைக்காததை அது யாருக்குக் கொடுக்கும்? கேபிள் இழுக்கவே முடியாத வாடகை வீடு என்றால் மட்டும் வாங்குங்கள், அதையும் பாதி வழியில் மாட்டுங்கள்.

பெட்டி இரண்டு பெயர்களைக் காட்டினால், ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ், மற்றது 5. முதலாவது சுவரைத் தாண்டித் தூரம் போகும், ஆனால் நெரிசல். ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் அதில் வழக்கமாகப் பயன்படுத்தக்கூடியவை 1, 6, 11 என்ற மூன்று சேனல்கள்தான். உங்கள் தெருவில் பட்டியலைத் திறந்தால் எத்தனை வீட்டுப் பெயர்கள் தெரிகின்றன என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். 5 வேகமானது, ஒரு கருங்கல் சுவருக்கே சோர்ந்துவிடும். பெட்டி இருக்கும் அறையில் 5, பின்கட்டில் 2.4 என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய மடிக்கணினி சிலவற்றின் வைஃபை கார்டுக்கு 5 என்பதே தெரியாது. அந்தப் பெயர் பட்டியலிலேயே வராது, அது பழுது அல்ல.

வெயிலைப் பற்றிப் பேசாமல் வேலூர்க்காரன் எதையும் முடிக்க முடியாது. வீட்டு ரௌட்டர் பெரும்பாலானவற்றின் கையேட்டில் 0 முதல் 40 டிகிரி வரை இயங்கும் என்று போட்டிருக்கும். இங்கே மே மாதத்தில் வெளியிலேயே 40 தாண்டுகிறது, சிமெண்ட் ஷீட் போட்ட மாடி அறையின் பரணில் என்ன இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மதியம் இரண்டு மணிக்கு விட்டுவிட்டு வந்து, இரவு எட்டு மணிக்கு ஒழுங்காக வேலை செய்கிற இணைப்பு என்றால் பெட்டியைக் கீழே இறக்கி, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். அதன்மேல் செட்டாப் பாக்ஸை அடுக்காதீர்கள், தூசிக்காகத் துணி போர்த்தாதீர்கள்.

மடிக்கணினிக்குள் மிச்சம் இருப்பவை சிறியவை. வைஃபை பட்டியலே காலியாக இருந்தால் விசைப்பலகையில் விமானப் படம் போட்ட விசையைக் கை தவறி அழுத்தியிருக்கலாம். பழைய மாடல்களில் பக்கவாட்டில் ஒரு தள்ளு சுவிட்ச் இருக்கும். கொஞ்ச நேரம் சும்மா விட்டால் துண்டிக்கிறது என்றால் டிவைஸ் மேனேஜரில் வைஃபை கார்டின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், மின்சாரம் மிச்சப்படுத்தக் கருவியை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். விண்டோஸ் அப்டேட்டுக்கு மறுநாளிலிருந்துதான் கோளாறு என்றால் அதே டிவைஸ் மேனேஜரில் கார்டின் 'டிரைவர்' பக்கத்துக்குப் போய், பழைய டிரைவருக்குத் திரும்ப 'ரோல் பேக் டிரைவர்' கொடுங்கள். நெட்வொர்க் ரீசெட் என்று விண்டோஸிலும் ஒன்று உண்டு. அது மடிக்கணினியில் உள்ள வைஃபை கடவுச்சொற்களையும் மற்ற நெட்வொர்க் அமைப்புகளையும் அழிக்கும், ரௌட்டரைத் தொடாது. எல்லாம் தோற்ற பிறகு அதைச் செய்யலாம்.

அதற்கும் மசியவில்லையென்றால் செல்போனை யூஎஸ்பி கேபிளில் மடிக்கணினியோடு இணைத்து, போனின் இணையத்தைக் கணினிக்குக் கொடுக்கும் யூஎஸ்பி டெதரிங்கைப் போனில் போடுங்கள். இணையம் வந்தால் விண்டோஸ் நலமாக இருக்கிறது, சந்தேகம் வைஃபை கார்டின் மேல். கடைக்கு எடுத்துப் போகும்போது, அண்மையில் கீலையோ திரையையோ மாற்றியிருந்தால் அதை மறக்காமல் சொல்லுங்கள். கார்டின் மேல் கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு மெல்லிய ஆன்டெனா கம்பிகள் அழுத்தி மாட்டப்பட்டிருக்கும். வேலை பார்த்தவர் அவற்றைத் திரும்ப மாட்டாமல் மூடிவிட்டால் ரௌட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும் சிக்னல் கிடைக்கும். புதிய கார்டு வாங்கச் சொன்னால், முதலில் மூடியைத் திறந்து அந்த இரண்டு கம்பிகளைக் காட்டச் சொல்லுங்கள்.